இசைத்தட்டில் உன் அப்பாவின் பெயர்

அன்புள்ள அப்புவுக்கு,

சட்டப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே நீ ஒரு வார்த்தை சொன்னாய். "ஒங்களுக்குச் சட்டம் தெரியலைன்னு பாத்துத்தாம்மா அந்த ரிக்கார்டு கம்பெனிக்காரன் பாட்ட எழுதி வாங்கிட்டுப் போயிட்டான். ராவுத்தர் வக்கீலாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்." உனக்கு வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை. அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அவரைப் பற்றிப் பேசினால் பாதியில் எனக்குக் குரல் போய்விடும். எழுதினால் முழுக்கச் சொல்லலாம். சென்னையில் சினிமாக் கம்பெனிகளுக்கும் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் ஒப்பந்தம் எழுதுகிற வக்கீல் ஆபீசில் நீ வேலைக்குச் சேரப் போகிறாய். நான் கையெழுத்துப் போட்ட மாதிரிக் காகிதங்களை இனி நீயே எழுதுவாய். அதனால் இதை நீ தெரிந்துகொண்டு போவதுதான் நியாயம். உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் அப்பா நாடகக் கம்பெனியில் பாட்டு வாத்தியார். கம்பெனியின் கொட்டகையும் ஆபீசும் திண்டுக்கல்லில் இருந்ததால், குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே வீடு பிடித்திருந்தார். என்னை ஆயக்குடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததும் இந்த ஊருக்குத்தான். கம்பெனி கரூர், தஞ்சாவூர் என்று முகாம் போட்டால் மாதக்கணக்கில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஆர்மோனியத்தை இறக்கி வைத்துத் துடைப்பார். பிறகு ஏதாவது ஒரு மெட்டை வார்த்தையே இல்லாமல் முனகிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். நான் அரிசி புடைத்துக்கொண்டோ உனக்குத் தலை சீவிக்கொண்டோ அந்த மெட்டுக்கு வார்த்தை போடுவேன். விளையாட்டாகத்தான் தொடங்கியது. எட்டாவது வரை படித்திருந்தேன், எழுத்து வரும். நான் சொன்ன வார்த்தை மெட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் அவர் பேச மாட்டார். அந்த வரியைத் திரும்பப் பாடுவார், அவ்வளவுதான். சபையில் எத்தனை பேர் கைதட்டினாலும் எனக்கு அதற்கு ஈடாகாது.

பெயர் போடச் சொல்லி அவர்தான் முதலில் கேட்டார். "முதலாளிகிட்டச் சொல்லி ஒம் பேரப் போடச் சொல்றேன்" என்றார். நான் பதறிப்போய் வேண்டாமென்றேன். நாடக நோட்டீசில் பொம்பிளை பேர் வந்தால் ஊர் என்ன பேசும் என்று அந்தக் காலத்தில் எனக்குப் பயம். அவர் மறுபடி கேட்கவில்லை. கம்பெனியில் எல்லோரும் வாத்தியார்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பாட்டுப் புத்தகம் அச்சடித்தபோது, எல்லாப் பாட்டுக்கும் கம்பெனி முதலாளி தன் பெயரையே போட்டுக்கொண்டார். அது அப்போது வழக்கம். யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தப் பாட்டு பிறந்த கதை உனக்குத் தெரியாது. ஒரு முகாமுக்குக் கிளம்பும்போது அவர் வழக்கம்போல "பொழுதோட வந்துருவேன்" என்றார். போனது நாலைந்து மாத முகாமுக்கு. நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆயக்குடியில் பொழுதோட என்றால் அந்தி நேரம். உன் அப்பாவின் ஊரில் அதே சொல்லுக்கு, இருட்டுவதற்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே என்று அர்த்தம். "ஒங்க பொழுதோடயா, எங்க பொழுதோடயா?" என்று கேட்டேன். "எதுல சீக்கிரம் வர முடியுமோ அதுல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விட்டுப்போன ஒரு மெட்டு என் வாயில் இருந்தது. "பொழுதோட வாரேன்னு போனவரே, நான் வெளக்கேத்தி வச்சேனே வாசலிலே" என்று அதற்கு வார்த்தை வந்தது. அவர் திரும்பி வந்து கேட்டபோது, இரண்டாவது வரியில் 'வாசலிலே' என்ற இடத்தில் குரலைக் கீழே இறக்கி, விட்டுவிடுவார்போலச் செத்த நேரம் நிறுத்தி, பிறகு மேலே எடுத்தார். அந்த இடம் அவருடையது. அதை நான் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

உனக்கு மூன்று வயதிருக்கும்போது, தஞ்சாவூர் முகாமில் காய்ச்சல் கண்டு அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வரும்போதே குரல் அடைத்துப்போயிருந்தது. கடைசி நாட்களில் அவருக்கு வேண்டியதையெல்லாம் கையால்தான் காட்டினார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கை, உன்னைத் தூக்கி வரச் சொன்னாலும் கை. பாட்டு வாத்தியாரின் கடைசி வார்த்தை என்னவென்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. அவர் போன பிறகு நான் பயிற்சி முடித்து, பேகம்பூரில் எலிமெண்டரி பள்ளி வாத்தியாரம்மாவானது உனக்குத் தெரியும். நாடகக் கம்பெனிப் பக்கம் அதற்குப் பிறகு நான் போகவேயில்லை.

ஒரு கோடை விடுமுறையில் உன்னைக் கூட்டிக்கொண்டு ஆயக்குடிக்குப் பஸ்ஸில் போனேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் பஸ் நகரவில்லை. தக்காளிக் கூடைகளைக் கேரளத்து லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதிதாகத் திறந்த ஒரு கடையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ரிக்கார்டு போட்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் பாடினாள், "பொழுதோட வாரேன்னு போனவரே" என்று. நான் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவே ஓடினேன். அந்தப் பெண் 'வாசலிலே'யில் நிற்கவில்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரரிடம் தட்டை வாங்கிப் பார்த்தேன். பாடலாசிரியர் என்று நாடகக் கம்பெனி முதலாளியின் பெயர். இசை என்று முன்பின் கேள்விப்படாத ஒரு பெயர். "ஏனுங்க, பஸ்ஸு போயிருச்சுங்களே" என்றார் கடைக்காரர். போகட்டும் என்று நின்றேன்.

ராவுத்தர் வக்கீலை உனக்கு நன்றாகத் தெரியும். அவர் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம், இவர் ஒருவர்தான் படிப்புப் பக்கம் வந்தவர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள், அந்தப் பழக்கத்தில் போனேன். "அவுக எழுதுன பாட்டுண்ணே, அவுக பேரு வரணும்" என்றேன். ஆமாம் அப்பு, முதலில் நான் அப்படித்தான் சொன்னேன். பெயர் என்று ஒன்று வருமானால் அவருக்குத்தான் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. வக்கீல் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தங்கச்சி, ஒம் புருஷன் கம்பெனியில சம்பளத்துக்கு இருந்தவரு. சம்பளத்துக்கு இருக்குறவரு அந்த வேலையில எழுதுனது மொதலாளிக்குத்தான் சேரும். பழைய சட்டமும் அதத்தான் சொல்லுது, இப்ப வந்த சட்டமும் அதத்தான் சொல்லுது. கேஸ் நிக்காதும்மா" என்றார். நான் எழுந்தேன். அவர் ஏதோ நினைத்துக்கொண்டு, "செத்த இரு. எனக்கு அந்தப் பாட்டே புரியல. வெளிச்சத்தோட வாரேன்னு சொல்லிட்டுப் போனவருக்கு எதுக்கு வெளக்கு ஏத்தணும்?" என்று கேட்டார். யோசிக்காமல் என் வாயில் வந்துவிட்டது: "எங்க ஊர்ல பொழுதோடன்னா அந்திங்கண்ணே."

அவர் என்னையே பார்த்தார். "ஒங்க ஊரா, ஒம் புருஷன் ஊரா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நெசத்தச் சொல்லு. கேசுக்காகச் சொல்ல வேணாம்." சொன்னேன். வார்த்தை என்னுடையது, மெட்டு அவருடையது என்று முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப நீ சம்பளக்காரி இல்லையே. நீ யாருக்கும் எழுதிக் குடுக்கவும் இல்லையே. இது ஒஞ் சொத்து" என்றார். முன்பெல்லாம் இந்த மாதிரி வழக்குக்குச் சென்னைக்கு ஓட வேண்டியிருக்கும், இப்போது நாம் குடியிருக்கிற மதுரை ஜில்லாவிலேயே போடலாம், அவர்கள்தான் மதுரைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். சட்டம் எனக்கு முதல்முறையாகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

உன் பெரியப்பாவுக்குத் தெரிந்ததும் கடலை பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டுக் குஜிலியம்பாறையிலிருந்து வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "எந் தம்பி பாட்டுக்காரன்னு எங்க பக்கம் அம்புட்டுப் பேருக்கும் தெரியும். செத்துப்போனவனக் கோர்ட்டுல ஏத்தி, அவன் எழுதலைன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டார். "அவுக எழுதுனாகன்னு சொன்னா பாட்டு மொதலாளிக்குப் போயிரும் மாமா" என்றேன். "போகட்டுமே. பாட்டு போனாப் போகுது. அவன் பேரு போகலாமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவரும் என் மாதிரிதான் ஏங்கினார், வேறு வழியில். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பாட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உன் அப்பாவைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவரை விட்டுக்கொடுக்காமல் இருந்தால் பாட்டு வேறொருவன் பெயரிலேயே கிடக்கும். கடைசியில், அவரே என் பெயரைப் போடக் கேட்டார் என்பதை நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டதைத்தான் செய்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வழக்குப் போட்டேன்.

மதுரை ஜில்லா கோர்ட்டில் கூண்டேறிய நாள் இன்னும் உடம்பில் இருக்கிறது. பெரியப்பா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அச்சடித்த புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் எழுதியவர் என்று கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். முதலாளி பக்கத்து வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் உங்க கணவர் எழுதினதா நினைச்சாங்களே. அவர் பொய் சொல்லித் திரிஞ்சாரா?" என்று கேட்டார். "அவுக பொய் சொல்லலைங்க. அவுககிட்ட யாருமே கேக்கலைங்க. நாந்தேன் சொல்ல வேணாம்னு தடுத்தேன்" என்றேன். "அப்ப அவர் என்னதான் செஞ்சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "பாட்டையே அவுகதான் செஞ்சாக. நான் சொன்னது வார்த்தைங்க. அவுக பாடுனதுக்கப்புறந்தான் அது பாட்டுங்க" என்றேன். சிரித்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு முதலாளி கூண்டேறினார். தானே உட்கார்ந்து எழுதியதாகச் சத்தியம் செய்தார். ராவுத்தர் வக்கீல் மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "பொழுதோடன்னு எழுதியிருக்கீங்களே, என்ன அர்த்தத்துல போட்டீங்க?" முதலாளி, "இருட்டுறதுக்குள்ள, வெளிச்சத்தோடன்னு அர்த்தம்" என்றார். "அப்ப அந்தம்மா எதுக்கு வெளக்கேத்துறாங்க?" முதலாளி யோசித்தார். "அது... அழகுக்காகப் போட்டது" என்றார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பழனிப் பக்கத்துப் பெண்கள் அந்தியை எப்படிச் சொல்வார்கள் என்பதற்கு வக்கீல் ஆயக்குடிக் கொய்யாத் தோப்பிலிருந்து இரண்டு பெண்களைச் சாட்சிக்கு அழைத்திருந்தார். முதல் பெண் சொன்னதுமே இரண்டாமவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் பெரியப்பா என்னிடம் வந்தார். நான் ஏச்சை எதிர்பார்த்து நின்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வார்த்தை ஒன்னுதுதான், நம்பிட்டேன். மெட்டு எந் தம்பிதுன்னு சொன்னியே, அத மட்டும் எப்புடியாச்சும் எழுத்துல வாங்கிரு ஆத்தா" என்றார். அவருடைய வாயிலிருந்து எனக்கு ஆத்தா என்று வந்தது அன்றுதான்.

அதை வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் நீ இப்போது பாடப்புத்தகத்தில் படித்திருப்பாய். "சட்டத்துல சங்கீதம்னா எழுதி வச்சிருக்கணும், இல்ல அச்சடிச்சிருக்கணும். ஒம் புருஷன் சுரம் எழுதியிருக்காரா?" என்றார். "வாசிப்பாக, பாடிக் காட்டுவாக. எழுதுனது இல்லண்ணே" என்றேன். அவர் கையை விரித்தார். "அப்ப அது சட்டத்தோட கண்ணுல படாது தங்கச்சி." அப்பு, நான் அழுதது அங்கேதான். அரிசி புடைத்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தைக்குச் சொந்தக்காரர் உண்டு. அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் பாடியதற்குச் சொந்தக்காரரே இல்லை என்றால் அது என்ன கணக்கு? அவர் இறந்தபோதுகூட இவ்வளவு முழுசாகப் போய்விட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாய்தாவில் இசைத்தட்டுக் கம்பெனியின் வக்கீல் சமரசத்துக்கு வந்தார். சென்னைக்காரர், மரியாதையானவர். நாடகக் கம்பெனி முதலாளி தங்களையும் ஏமாற்றிவிட்டார் என்றும், இனிப் போடுகிற தட்டுகளில் என் பெயரைப் போட்டு, விற்கிறதில் எனக்குப் பங்கும் தருவதாகவும் சொன்னார். நான், "மெட்டுன்னு போட்டு எங்க வீட்டுக்காரர் பேரும் வரணும்" என்றேன். அது முடியாது, தட்டில் இசை என்று பெயர் போட்டிருக்கிற அவர்கள் வாத்தியக் குழுவின் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார், சட்டப்படி அவசியமும் இல்லை என்றார். "அப்ப எனக்குப் பங்கு வேண்டாம். வார்த்தைய ஒங்களுக்கே எழுதிக் குடுத்துர்றேன். அவுக பேரப் போடுங்க" என்றேன். ராவுத்தர் வக்கீல் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "என்ன பண்றன்னு தெரியுதா? ஜெயிக்கப்போற சொத்தத் தூக்கிக் குடுத்துட்டு, சட்டத்துல இல்லாத ஒண்ண வாங்குற. ஒனக்குப் பிள்ள இருக்கான். இந்தப் பாட்டு அவன் காலத்துக்கும் வரும்" என்றார். ஒவ்வொரு ஷரத்தாக வாசித்துக் காட்டி, எதை இழக்கிறேன் என்று எனக்கு விளங்குகிற வரை விளக்கினார். ஒன்று மட்டும் ஆறுதலாகச் சொன்னார். உரிமையை எழுதிக் கொடுத்தாலும், எழுதியவள் நான் என்று சொல்லிக்கொள்கிற உரிமை என்னைவிட்டுப் போகாதாம். அது போதும் என்றேன்.

அதனால், அப்பு, எனக்குச் சட்டம் தெரியவில்லை என்று சொல்லாதே. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு வந்திருக்க வேண்டியதைத்தான் கொடுத்தேன் என்பதும் தெரியும். விடுதியில் நீ சிரமப்பட்டுப் படித்த வருடங்களில் அதை நினைக்காமல் இல்லை. ஆனாலும் மறுபடி அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தால் அதே இடத்தில்தான் கையெழுத்துப் போடுவேன்.

நீ அந்த ஆபீசில் கம்பெனிகளின் பக்கம் உட்காரப்போகிறாய் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சென்னை வக்கீலும் அந்தப் பக்கத்து ஆள்தான். கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அவர் தயங்கிக்கொண்டே, "அம்மா, உங்க வீட்டுக்காரர் அதை எப்படிப் பாடுவார்?" என்று கேட்டார். கோர்ட்டு வராந்தாவில் கட்சிக்காரர்கள் நடுவே நான் மெதுவாகப் பாடிக் காட்டினேன், 'வாசலிலே'யில் நிறுத்தி. என் தொண்டையில் அது சரியாக வரவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது தட்டில் இல்லையே" என்றார். உன்னிடமும் ஆட்கள் வருவார்கள், வார்த்தை எழுதியவர்களும் மெட்டுக் கட்டியவர்களும், செத்துப்போனவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளும். காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பாடச் சொல்லிக் கேள். நீ எழுதுகிற ஒப்பந்தத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று அப்போது உனக்கே தெரியும். அடங்காததை எழுத முடியாவிட்டாலும், அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவனாக எழுது. ஷரத்துகளை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டு. ராவுத்தர் எனக்கு வாசித்த மாதிரி, கோபப்பட்டுக்கொண்டாவது வாசித்துக் காட்டு.

புதுத் தட்டு சென்னையிலிருந்து வந்தபோது நம் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிற கடைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் நீ எழுத்துக்கூட்டி வாசித்தாய். பாடல் என்று என் பெயர், மெட்டு என்று கொஞ்சம் சிறிய எழுத்தில் உன் அப்பாவின் பெயர். "அப்பா பேரு!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாய். கடைக்காரர் முள்ளை வைத்தார். அதே பெண்தான் பாடினாள், 'வாசலிலே'யில் நிற்காமல். நீ காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அசையாமல், கடைசி வரை கேட்டாய். பாட்டு முடிந்து வெறும் கரகரப்பு மட்டும் சுற்றியது. நீ நிமிர்ந்து, "அப்பா எப்பம்மா பாடுவாக?" என்று கேட்டாய்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தட்டை எடுத்துத் திருப்பி, மறுபக்கத்தை வைத்தார். நீ மறுபடியும் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். அதில் வேறு யாரோ பாடப்போகிறார்கள் என்று தெரிந்தும், நானும் உன் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக்கொண்டேன்.

அம்மா
திண்டுக்கல்